லண்டன் கண்டக்டரின் கால்சட்டை அளவு

32 அங்குலம். 1979-ல் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தபோது டெப்போவுக்கு எதிரே கடை வைத்திருந்த டெய்லர் என் இடுப்பில் டேப்பைச் சுற்றி நோட்டில் எழுதிக்கொண்ட அளவு. 2013-ல் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சீருடை தைக்கக் கொடுத்தபோதும் அதே 32தான். அந்த நோட்டைப் புரட்டி மற்றவர்களிடம் காட்டுவார் டெய்லர். "சார் மாதிரி உடம்ப வச்சுக்கணும்யா. முப்பத்தி நாலு வருஷமா ஒரே அளவு" என்பார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். தலைக்குச் சாயம், மடிப்புக் கலையாத சட்டை, இறுக்கிய பெல்ட். கல்யாண வீட்டில் யாராவது "இன்னும் காலேஜ் பையன் மாதிரியே இருக்கீங்களே" என்று சொல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஓய்வு பெற்ற எட்டாவது மாதம், தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தில்லைநகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது தாடை வலித்தது. சட்டை முழுக்க வியர்வை. தட்டில் இருந்த குங்குமச்சிமிழ் படியில் உருண்டு போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலமே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட்.

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றையே கேட்டார்கள். "உங்களுக்கா? இவ்வளவு ஒல்லியா இருக்கீங்களே!" எனக்கும் அதே சந்தேகம்தான். பீடி, சிகரெட் கிடையாது. காலேஜில் கால்பந்து ஆடியவன். இடுப்பு 32. பிறகு எப்படி?

வீட்டுக்கு அனுப்பும் நாளில், என் மகன் வயதுள்ள டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன வேலை பார்த்தீங்க?" பஸ் கண்டக்டர் என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "கண்டக்டருக்கு இது சீக்கிரம் வரக்கூடாதே சார். எத்தனை வருஷம் பஸ்ல ஓடினீங்க?"

"பன்னிரண்டு வருஷம். 91-லேருந்து டைம் கீப்பர். உட்கார்ந்த வேலை."

"அப்படிச் சொல்லுங்க. அப்ப நீங்க டிரைவர் கணக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ஜெர்ரி மாரிஸ். "வீட்டுல சும்மாதானே இருக்கப் போறீங்க, இவரைப் பத்திப் படிச்சுப் பாருங்க. உங்க டிபார்ட்மென்ட் கதைதான்" என்றார். பேரன் உதவியோடு தேடித் தேடிப் படித்தேன். பத்து வருஷமாக நான் சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்த கதையை இன்றைக்கு எழுதியும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெர்ரி மாரிஸ் 1910-ல் லிவர்பூலில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் வளர்ந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். வசதி இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகளை வாரம் ஒருமுறை நடக்கக் கூட்டிப் போவார். நாலு மைல் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம். முடிக்காவிட்டால் இல்லை. நாலு மைல் என்றால் ஆறரைக் கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட ஓட்டம்தான். மாரிஸ் படித்து டாக்டரானார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் வேலை பார்த்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும், 1948-ல், மக்களின் வாழ்க்கை முறைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய லண்டனில் புதிதாகத் தொடங்கிய ஒரு பிரிவுக்குத் தலைவரானார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாவது கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. மாரிஸ் முதலில் செய்த காரியம், லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பழைய பிரேதப் பரிசோதனைப் புத்தகங்களை எடுத்துப் படித்தது. 1907 முதல் 1949 வரை, நாற்பது வருஷத்துக் குறிப்புகள். அதில் ஓர் ஆச்சரியம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் கொழுப்புப் படிவது அந்த நாற்பது வருஷத்தில் கூடவில்லை. ஆனால் மாரடைப்பு பல மடங்கு கூடியிருந்தது. அப்படியானால் குழாய் கெடுவது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மனிதர்கள் வாழும் விதத்தில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. வேலையில் மாறியிருக்குமோ என்று யோசித்தார். வெவ்வேறு தொழில் செய்கிறவர்களின் கணக்குகளைத் திரட்ட ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், பஸ்காரர் என்று பல தொழில்கள். முதலில் வந்து விழுந்தது பஸ்காரர்களின் கணக்கு.

லண்டன் மாடி பஸ்ஸைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். டிரைவர் முன்னால் தனிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். ஷிஃப்ட் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்தபடிதான். கண்டக்டருக்கு உட்கார நேரமே இல்லை. பின்பக்கம் கதவில்லாத மேடை, அதிலிருந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. கீழே டிக்கெட் கொடுத்து முடித்து மேலே ஏறினால், அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கீழே ஆள் ஏறியிருக்கும். மாரிஸின் ஆட்கள் பஸ்ஸில் மணிக்கணக்காக உட்கார்ந்து, கண்டக்டர் எத்தனை படி ஏறுகிறார் என்று எண்ணினார்கள். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. நம்மூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், உச்சிப் பிள்ளையாரை நானூற்றுச் சொச்சம் படி ஏறிச் சேவித்துவிட்டு வந்து, ஒரு காப்பி சாப்பிட்டு, மறுபடியும் தாயுமானவர் சந்நிதி வரை ஏறுவதுபோல. அதுவும் தினம், வருஷக்கணக்கில்.

லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த, 35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண்களின் கணக்கை எடுத்தார்கள். 1949, 1950 என இரண்டு வருஷம். டிரைவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 2.7 பேருக்கு இதய நோய் புதிதாக வந்தது. கண்டக்டர்களில் 1.9 பேருக்கு. இந்த வித்தியாசத்தைவிடப் பெரியது இன்னொன்று. கண்டக்டர்களுக்கு வந்தாலும் கொஞ்சம் வயதான பிறகு, மிதமாக வந்தது. முதல் அடியிலேயே போய்ச் சேர்வதும், சில வாரங்களில் சாவதும் டிரைவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதிதான்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம். பணக்காரனையும் ஏழையையும் ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் இருக்கும். இவர்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் காலையில் ஏறி ஒரே பஸ்ஸில் இறங்குகிறவர்கள். ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே கேன்டீன், ஒரே புகை, ஒரே மாதிரித் தெரு. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் படியேறுகிறார். அவ்வளவுதான்.

மாரிஸ் அவசரப்படவில்லை. தபால் இலாகாவின் கணக்கு வரும்வரை பொறுத்திருந்தார். அங்கேயும் அதே கதை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களைவிட, உட்கார்ந்து வேலை செய்த குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் அதிகம் செத்தார்கள். 1953 நவம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. பலரும் நம்பவில்லை. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப் போட்டிருந்த காலம் அது. இதயம் தேய்ந்து போகிற சாமான், அதிகம் ஓட்டினால் சீக்கிரம் கெடும் என்பதுதான் பொது நினைப்பு. என் பாட்டி மாடிப்படி ஏறும்போதெல்லாம் "மெதுவா ஏறுடா, நெஞ்சு அடிச்சுக்கும்" என்பாள். அவளும் பெரிய டாக்டர்களும் அந்த விஷயத்தில் ஒரே கட்சி.

இனிமேல்தான் கால்சட்டை வருகிறது.

கட்டுரையைப் படித்தவர்கள் கேட்ட நியாயமான கேள்வி ஒன்று. குண்டாக இருப்பவன்தான் உட்கார்கிற வேலைக்குப் போகிறானோ? படி ஏறாததால் நோய் வந்ததா, தொப்பையால் நோய் வந்ததா? ஆயிரக்கணக்கான பேரை வரவழைத்து எடை போடப் பணம் இல்லை. ஆனால் லண்டன் போக்குவரத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் சீருடை கொடுத்தார்கள். கோட்டு அளவு, கால்சட்டை இடுப்பு அளவு எல்லாம் ஏட்டில் இருந்தது. எங்கள் டெய்லர் நோட்டு மாதிரியேதான்! மாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஏடுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1956-ல் வெளியான அந்தச் சின்னக் கட்டுரைக்குச் 'சீருடைகளின் நோய்ப்பரவல் இயல்' என்று குறும்பாக ஒரு துணைத் தலைப்பு. தலைப்பைப் படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷம் சீருடை போட்டவன் நான், அதில் இப்படி ஒரு விஷயம் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது.

கணக்கு அவருக்குச் சாதகமாக வரவில்லை. டிரைவர்களின் இடுப்பு எல்லா வயதிலும் கண்டக்டர்களின் இடுப்பைவிடச் சுமார் ஓர் அங்குலம் பெரியது. இளவயது டிரைவர்களிடமே அந்த வித்தியாசம் தெரிந்தது. அதாவது, வேலைக்கு வரும்போதே இருவரும் கொஞ்சம் வெவ்வேறு ஆட்களாகத்தான் வந்திருக்கிறார்கள். தன் கண்டுபிடிப்பையே ஆட்டம் காண வைக்கும் இந்த விஷயத்தை மாரிஸ் மறைக்கவில்லை. தானே தேடி எடுத்துத் தானே அச்சில் போட்டார். இந்த ஓர் இடத்துக்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை.

ஆனால் அதோடு விடவும் இல்லை. கால்சட்டை அளவை வைத்தே எல்லோரையும் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் டிரைவரையும் கண்டக்டரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார்கள். 1961-ல் அந்த விவரம் வெளியானது. பருமனான கண்டக்டர் பருமனான டிரைவரைவிடப் பத்திரம். நடுத்தரத்திலும் அப்படியே. ஒல்லி டிரைவருக்கு ஒல்லியாக இருந்ததால் விலக்கு எதுவும் கிடைக்கவில்லை. படியேறிய ஒல்லிக் கண்டக்டரைவிட அவருக்குத்தான் திடீர் மரணம் அதிகம்.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். அந்த 'ஒல்லி டிரைவர்' நான்தான். டாக்டர் சிரித்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

மனிதனின் உடம்பைக் கண்ணால் பார்த்து மார்க் போடுவதில் லண்டனுக்கும் பழைய அனுபவம் உண்டு. சாண்டோ சின்னப்பா தேவர் என்று சொல்கிறோமே, அந்தச் 'சாண்டோ' ஒரு ஜெர்மன்காரரின் பெயர். யூஜின் சாண்டோ. கையில்லாத பனியனுக்குச் சாண்டோ பனியன் என்று பெயர் வந்ததும் அவரால்தான் என்பார்கள். லண்டனில் குடியேறி உடற்பயிற்சிக் கூடங்கள் நடத்தினார். 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். 1901 செப்டம்பர் 14 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய போட்டியை முதல் பெரிய ஆணழகன் போட்டி என்று சொல்கிறார்கள். நடுவர்கள் மூன்று பேர்: சாண்டோ, சார்லஸ் லாஸ் என்ற சிற்பி, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில். சிற்பியை ஏன் கூப்பிட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆரோக்கியமும் ஒரு தகுதி என்று போட்டி விதிகளில் இருந்ததாம். ஆனால் மேடையில் நிற்பவனின் ஆரோக்கியத்தை நடுவர் எதைக்கொண்டு பார்ப்பார்? கண்ணைக்கொண்டுதானே. சாண்டோ 1925-ல், 58 வயதில் காலமானார். ஒரு மனிதரின் ஆயுளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதால் அதை இத்தோடு விடுகிறேன். நாட்டு மக்களுக்கு உடற்பயிற்சி ஆசையை ஊட்டியதில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. எங்கள் தெரு தேகப்பயிற்சி சாலையில் அவர் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இரண்டு மாதம் தண்டால் எடுத்தேன்.

மாரிஸின் இன்னொரு வேலையைச் சொல்லாமல் போக முடியாது. 1958-ல் வந்தது. பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து, வேறு நோய்களால் இறந்துபோன நடுவயது ஆண்கள் சுமார் 3,800 பேரின் பிரேதப் பரிசோதனை விவரங்களை வாங்கினார்கள். இறந்தவர் என்ன வேலை செய்தார், இதயம் எப்படி இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்திருந்தது உடலுழைப்பாளிக்கும் நாற்காலிக்காரருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இதயத் தசையில் விழுந்த பெரிய தழும்புகள், அதாவது பழைய மாரடைப்பின் அடையாளங்கள், நாற்காலிக்காரர்களிடம்தான் அதிகம். குழாய் இருவருக்கும் பழசாகிறது. உழைத்தவன் இதயம் அதைத் தாங்கிக்கொள்கிறது. தினமும் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டப்படும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளக் கற்றுக்கொள்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, தசை சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்கிறது என்று இன்றைக்கு டாக்டர்கள் விளக்கம் சொல்கிறார்கள். இதில் எதையும் கண்ணாடியில் பார்க்க முடியாது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. உடல் உழைப்புள்ள வேலைகள் குறைந்தன. எல்லோரும் நாற்காலிக்கு வந்தாகிவிட்டது. சரி, ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தால் பலன் உண்டா என்று பார்க்க மாரிஸ் அரசு அலுவலகங்களுக்குப் போனார். 1968 முதல் 1970 வரை, 40 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 17,000 அதிகாரிகள். எல்லோரும் மேஜை வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு படிவத்தைக் கொடுத்து, போன வெள்ளியும் சனியும் ஐந்து ஐந்து நிமிஷமாக என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் படிவம் என்றால் விடுவார்களா, ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள்! பிறகு வருஷக்கணக்காக அவர்களைக் கவனித்து வந்தார்கள். தோட்டத்தில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது, வீட்டில் ஆணி அடிப்பது போன்ற மெதுவான வேலைகளால் பெரிய பலன் தெரியவில்லை. நீச்சல், வேக நடை, ஓட்டம், மண்வெட்டி பிடித்துக் கொத்துவது என்று மூச்சு வாங்க ஏதாவது செய்தவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களுக்கு வந்ததில் பாதிக்கும் குறைவு.

1976-ல் இன்னொரு கூட்டம் அதிகாரிகளைச் சேர்த்தார்கள், 9,376 பேர். அதன் முடிவு 1990-ல் வந்தது. அதில் ஒரு விஷயம் என்னைக் குறிவைத்தே எழுதியதுபோல் இருந்தது. இளவயதில் விளையாட்டு வீரராக இருந்து பிறகு விட்டுவிட்டவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எப்போதுமே விளையாடாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் காலேஜ் கால்பந்துக் கோப்பையை நாற்பது வருஷமாக அலமாரியில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். பாங்கில் போட்ட பணம் மாதிரி அது வட்டியோடு பெருகிக்கொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு. பன்னிரண்டு வருஷம் சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே நெரிசலில் முன்னும் பின்னும் நடந்து சேர்த்ததையும், டைம் கீப்பர் அறை நாற்காலியில் உட்கார்ந்த இருபத்திரண்டு வருஷம் காலி செய்துவிட்டது. அந்த நாற்காலி கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

நம் ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. 2004-ல் அதே லான்செட்டில் இரண்டு டாக்டர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் எடைக்கும் போடும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. பார்க்க இருவரும் ஒல்லி. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. வெள்ளைக்காரர் மாரத்தான் ஓடுகிறவர். நம்மவர் செய்யும் முக்கியமான உடற்பயிற்சி, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது என்று அந்தக் கட்டுரையிலேயே கிண்டலாகச் சொல்லியிருந்தது. இந்தியக் குழந்தை பிறக்கும்போதே ஒல்லி உடம்புக்குள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வருகிறது என்று யாஜ்னிக் பல வருஷமாகச் சொல்லி வருகிறார். என் ஸ்டென்ட் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. இடுப்பு 32 இருக்கும்வரை ரத்தம் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதனால் தொப்பை நல்லது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாரிஸும் அப்படிச் சொல்லவில்லை. பருமனுக்கு உரிய தொல்லைகள் பருமனுக்கு உண்டு. பஸ்காரர்களை மேலும் ஐந்து வருஷம் கவனித்து 1966-ல் எழுதியபோது ரத்த அழுத்தமும் கொழுப்பும் முக்கியம் என்று அவரே சொன்னார். அளவு டேப் சொல்வதோடு கதை முடியவில்லை என்பதுதான் விஷயம்.

மாரிஸ் தான் கண்டுபிடித்ததைத் தானும் செய்தார். அறுபதுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் திடலில் கோட்டைக் கழற்றிவிட்டு ஓட ஆரம்பித்தார். அப்போது பெரிய மனிதர்கள் தெருவில் ஓடும் வழக்கம் இல்லை. பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம். தொண்ணூறு தாண்டியும் நீந்தினார், சைக்கிள் மெஷின் மிதித்தார், ஆபீசுக்குப் போய்க் கட்டுரை எழுதினார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸின்போது, அமெரிக்காவில் இதே ஆராய்ச்சி செய்த பாஃபன்பார்கரோடு சேர்த்து அவருக்கு ஒலிம்பிக் விளையாட்டு அறிவியல் பரிசு கொடுத்தார்கள். 2009 அக்டோபரில், 99 வயது முடிந்து ஆறாவது மாதத்தில் காலமானார். சாண்டோ விஷயத்தில் சொன்னதை இங்கேயும் சொல்ல வேண்டும்: ஒரு ஆளின் ஆயுள் அத்தாட்சி ஆகாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். லண்டனில் பழைய மாடி பஸ்களையும் கண்டக்டர்களையும் 2005 டிசம்பரோடு வழக்கமான தடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். படியேறுவதற்கு இப்போது ஆள் இல்லை.

எங்கள் டெப்போவில் ஒரு கண்டக்டர் அண்ணன் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் சீருடைக்கு டெய்லர் 40 அங்குலம் எழுதுவார். நான் அவரைப் படுத்தாத பாடில்லை. "அண்ணே, நீங்க இறங்கினா பஸ் அரை அடி மேல எழும்புது" என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். உட்கார்ந்த வேலைக்கு எழுதிக் கொடுங்கள் என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. "உட்கார்ந்தா தூக்கம் வரும்டா" என்பார். ரிட்டயர் ஆகும்வரை டவுன் பஸ்ஸிலேயே நின்றார். சனிக்கிழமை டூட்டி இல்லாவிட்டால் மலைக்கோட்டை ஏறுவார்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் பார்க்க வந்தார். நாலாவது மாடி. லிஃப்டில் கூட்டம் என்று படியில் ஏறி வந்து, கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். மூச்சு வாங்கவில்லை. 64 வயது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, மூட்டில் வலி உண்டு. அவரும் மனிதர்தானே.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு அவரோடு நடக்க ஆரம்பித்தேன். முதலில் காவிரிக்கரையில், அம்மா மண்டபம் வரை. வேகமாக, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நட என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டு எனக்கு எப்போதுமே வராது என்பதால் அந்தக் கணக்கு உதவவில்லை. ஒரு வருஷம் கழித்து டாக்டர் தலையாட்டிய பிறகு மலைக்கோட்டை. முதல் தடவை ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் நின்று, போகிறவர் வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார், நான் உட்கார்ந்ததைக் கவனிக்காதவர்போல. இப்போது ஒரே ஓர் இடத்தில், தாயுமானவர் சந்நிதி வாசலில் மட்டும், இரண்டு நிமிஷம் நிற்கிறேன். போன பங்குனியில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தபோது ஒன்பது நிமிஷம் தாண்டினேன். ஸ்டென்ட் வைத்த வருஷம் நாலு நிமிஷம்கூட முடியவில்லை. தலைக்குச் சாயம் அடிப்பதை விட்டாயிற்று.

பேரன் பூணூலுக்குப் பேன்ட் தைக்கப் போன மாதம் டெய்லர் கடைக்குப் போனேன். அப்பா போய் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். பழைய நோட்டு இன்னும் இருக்கிறது. டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை அளந்தான். சொல்லத் தயங்கினான்.

"சார், முப்பத்தி நாலு காட்டுது. முப்பத்தி ரெண்டுன்னே போட்டு, உள்ள துணி விட்டுத் தைக்கட்டுமா?"

"வேண்டாம்பா, முப்பத்தி நாலுன்னே எழுது. பாக்கெட் மட்டும் கொஞ்சம் ஆழமா வை. மலை ஏறும்போது சில்லறை விழுது."